மூன்றாம் திட்டில் ஒருவன்

கோயில் மணி ஓய்ந்தபோது பஸ்ரியன் சம்மாட்டி ஆண்கள் பக்கத்து முதல் வரிசையில் முதுகு வளையாமல் முழந்தாளிட்டிருந்தார். அந்த இடம் அவருடைய பாட்டன் காலத்திலிருந்து அந்த வீட்டுக்கு உரியது. வெளியே இரண்டு நாளாகக் காற்று அடங்கவில்லை. ஓட்டின்மேல் மணல் வந்து விழும் சத்தம் கேட்டபடி இருந்தது.

புயல் அடித்தால் பேசாலையில் ஒரு வழக்கம் உண்டு. பங்குச் சுவாமியார் ஊரில் இல்லாத நாளில் மூப்பர் மன்றாட்டை நடத்துவார். அவர் "ஆருக்காக?" என்று கேட்பார். வீட்டுத் தலைவன் எழுந்து ஆளின் பெயரையும் இடத்தையும் சொல்ல வேண்டும். மன்றாட்டு முடிந்ததும், கரையில் காத்து நிற்கும் வள்ளம் சொன்ன இடங்களுக்கு மட்டும் போகும். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பியாக வேண்டும். அதனால், சொல்லாத பெயரை யாரும் தேடிப் போவதில்லை.

"கடலில் தவிக்கிறவர்களுக்காக," என்றார் மூப்பர். "ஆருக்காக?"

ஒரு கிழவர் எழுந்தார். "என்ர மருமக்கள் ரெண்டு பேர். முதலாந் திட்டு."

"சுவாமி, தயவாயிரும்," என்றது கோயில்.

பஸ்ரியன் முழந்தாளிலேயே இருந்தார். மகன் அமிர்தநாயகம் மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் போயிருப்பதாக ஊருக்குச் சொன்னவர் அவரே. உண்மையில் அவன், மன்னார் வியாபாரி அலியாரிடம் கூலிக்கு, தலைமன்னாருக்கு அப்பால் மூன்றாம் மணல் திட்டில் கடலட்டை காயவைக்கப் போயிருந்தான். தனி ஆள். காற்று இப்படியே அடித்தால் பொழுதுபடுவதற்குள் அந்தத் திட்டின்மேல் தண்ணீர் ஏறிவிடும். வள்ளமும் வலையும் வைத்து ஊருக்கே வேலை கொடுத்த சம்மாட்டி வீட்டின் பிள்ளை கூலிக்குப் போனான் என்று இந்தக் கோயிலில் எப்படிச் சொல்வது?

பெண்கள் பக்கமிருந்து ஓர் இருமல் கேட்டது. மனைவி அருள்நாயகி. புருஷன் இருக்கப் பெண் எழுந்து பெயர் சொல்வது வழக்கமில்லை. மறுபடியும் இருமினாள். அவர் திரும்பவில்லை.

"சண்டையில் அகப்பட்டவர்களுக்காக." மூப்பர் அடுத்ததற்குப் போய்விட்டார். சீமையில் நடக்கும் பெரிய சண்டைக்குக் கப்பலேறிய ஒருவனின் பெயரைத் தகப்பன் சொன்னான். தயவாயிரும், தயவாயிரும். அந்தச் சொல் ஓடிக்கொண்டே இருந்தது. சுவரில் விழுந்த வெயில் ஒரு சாண் நகர்ந்திருந்தது.

"வறுமையில் வாடுகிறவர்களுக்காக. ஆருக்காக?"

இதுதான் கடைசி மன்றாட்டு. இதற்கு எந்த வீடும் தன் பெயரைச் சொன்னதில்லை. தூரத்து ஊர்களைத்தான் சொல்வார்கள். பாப்பாமோட்டையில் வயல் பொய்த்தவர்களுக்காக என்று ஒருவர் வாயெடுக்கையில் பஸ்ரியன் எழுந்து நின்றார்.

"பஸ்ரியன் வீட்டுக்காக," என்றார். குரல் அவருடையது போலவே இல்லை. "மகன் அமிர்தநாயகம். மூண்டாந் திட்டு."

கோயில் பதில் சொல்ல மறந்தது. பின்வரிசையிலிருந்து சந்தியோகு சிரித்தான். பத்து வருடமாக அவருக்குப் போட்டியாக வலை வைத்திருப்பவன்.

"என்ன சம்மாட்டியார், மடுவில இருந்து திட்டுக்குப் பாதை போட்டிட்டாங்களோ?"

"அவன் மடுவுக்குப் போகேல்லை. அலியாற்ற கூலிக்குப் போனவன். நான்தான் பொய் சொன்னனான்."

மூப்பர் பதறிப்போய்ச் செபப் புத்தகத்தை மூடினார். "மூண்டாந் திட்டுக்குக் கரையில நிக்கிற சின்ன வள்ளம் தாங்காது. உங்கட பெரிய வள்ளத்தை இறக்குவம், சம்மாட்டியார்."

"அதுக்கு அடிப்பலகை இல்லை. உக்கிப் போச்சு. ஓலை போட்டு மூடி வைச்சிருக்கிறன்."

ஒரு வருடமாக அந்த ஓலையைப் பார்த்து, சம்மாட்டி வள்ளத்தை எவ்வளவு பக்குவமாக வைத்திருக்கிறார் என்று ஊர் பேசியது.

சந்தியோகு எழுந்தான். "என்ர பெரிய வள்ளத்தை இறக்குங்கோடா. இவற்ற கதையைப் பிறகு பாப்பம்."

"நானும் வாறன்," என்றார் பஸ்ரியன். "அந்தத் திட்டு எனக்குத் தெரியும்."

"என்ர வள்ளத்தில சும்மா இருக்க இடமில்லை. தண்டு வலிப்பியளோ?"

"வலிப்பன்."

கரையில் கடல் கலங்கிச் சேற்று நிறமாக இருந்தது. கூலியாட்கள் குந்தும் பலகையில் குந்தித் துடுப்புத் தண்டைப் பிடித்தார் பஸ்ரியன். முதல் அலை வள்ளத்தைத் தூக்கிப் போட்டது. கோயிலில் விட்ட மன்றாட்டை மறுபடி தொடங்கியிருந்தார்கள். காற்று அதைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்தது. அமிர்தநாயகத்தின் பெயரைச் சொன்னது மூப்பரின் குரல் அல்ல, ஒரு பெண்ணின் குரல்.

சூரியன் பனை உயரத்துக்கு இறங்கியிருந்தது. அவர் முதுகை வளைத்துத் தண்டை இழுத்தார்.