கொழு புதைத்த இடம்

லோகநாயகிக்கு அன்று காலையில் காப்பிகூட இறங்கவில்லை. எப்படி இறங்கும்? முப்பது வருஷமாகத் தண்ணீர் இறைத்த கிணற்றைச் சேர்த்து வளைத்து ஒருத்தன் சுவர் எழுப்பிவிட்டு, "இது எங்க லேஅவுட்டுக்குள்ள வருதும்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அவளுடைய ஒன்றரை ஏக்கர் கத்திரிக்கு நூம்பல் ஊரில் வேறு தண்ணீர் கிடையாது. சுவர் எழும்பி எட்டு நாள். செடியெல்லாம் தலை தொங்கிவிட்டது.

சுவர் எழுப்பிய புண்ணியவான் பெயர் வீரராகவன். பக்கத்து நிலத்தை வாங்கி மனை போட்டு விற்கிறவன். எல்லைக்கல்லைப் பிடுங்கி இருபதடி தள்ளி அவள் நிலத்துக்குள் நட்டவனும் அவன்தான் என்று லோகநாயகி சத்தியம் செய்வாள். ஆனால் பார்த்த சாட்சி இல்லை. மற்ற அடையாளமெல்லாம் அம்பத்தூர் இரும்பு வார்ப்படப் பட்டறைகளிலிருந்து லாரி லாரியாக அவன் கொண்டுவந்து கொட்டிய கருமண்ணுக்குக் கீழே போய்விட்டது. கேட்டால், அந்தக் கல் ஆதியிலிருந்தே அங்கேதான் இருக்கிறது என்று சாதிக்கிறான்.

அவளிடம் ஒரே ஒரு பிடி இருந்தது. அந்தக் காலத்தில் எல்லைக்கல் நடுகிறவர்கள் குழிக்கு அடியில் கரியும் தேய்ந்த ஏர்க் கொழு ஒன்றும் போட்டு மூடுவார்கள். கல்லைப் பிடுங்குகிறவன் அவ்வளவு ஆழம் தோண்ட மாட்டான் என்ற கணக்கு. அவள் மாமனார் அப்படிப் போட்டதை, புதுப்பெண்ணாக வந்த வருஷம் அவளே பார்த்திருக்கிறாள். "அதை எடுத்துக் காட்டுங்க, எழுதித் தரேன்" என்று சர்வேயர் சொல்லியிருந்தார். இன்று பதினோரு மணிக்கு வந்தவர், ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் ஆவடியிலிருந்து சுலைமானை வரவழைத்திருந்தாள். பழைய இரும்பு வியாபாரி. மண்ணுக்குள் இரும்பு இருந்தால் கத்துகிற மெஷின் ஒன்று அவரிடம் இருந்தது. கம்பி நுனியில் வட்டத் தட்டு, கைப்பிடியில் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு திருகு. அவள் வரப்பில் நின்று, தட்டை மண்ணுக்கு மேலே தூக்கித் தூக்கி இறக்கியபடி திருகைத் திருப்பினார். ஏறி இறங்கிய சத்தம் மெல்ல மெல்ல ஒரே சீரான ரீங்காரமாயிற்று.

"மண்ணுலயும் இரும்பு கலந்துதான் கீதுக்கா. இது வெறும் மண்ணு, கண்டுக்காதேன்னு மெஷினுக்கு மொதல்ல பழக்கணும். அப்பால இரும்பு வந்தா மட்டும் கத்தும்."

சுவரின் வாசலைத் தாண்டிக் கருமண்ணில் கால் வைத்ததும் மெஷின் ஓலமிட்டது. இந்தப் பக்கம் போனாலும் ஓலம், அந்தப் பக்கம் போனாலும் ஓலம். வீரராகவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இன்னா பாய், ஏரியா பூரா கொழுவா?"

"தப்பு எம்மேலதான்" என்றார் சுலைமான். "அந்த மண்ணுல பழக்கிட்டு இந்த மண்ணுல தேடறேன். இங்கியே இரும்பு இல்லாத எடமாப் பாத்துத் திருப்பணும்."

வீரராகவன் சிரிப்பை நிறுத்தினான். கொஞ்சம் யோசித்தான். பிறகு நாலு எட்டு நடந்துபோய்ச் செருப்புக் காலால் ஒரு இடத்தைத் தேய்த்துக் காட்டினான். "இங்க வெச்சுப் பழக்குங்க பாய். சுத்தமான எடம்."

சுலைமான் சூதுவாது தெரியாத மனுஷன். அங்கேயே தட்டைத் தூக்கி இறக்கி, ரீங்காரம் சீராகும்வரை திருப்பினார். அப்புறம் தேட ஆரம்பித்தார். மெஷின் வாயே திறக்கவில்லை. ஒரு மணி நேரம் மூலைக்கு மூலை தடவியும் முனகல்கூட இல்லை. சர்வேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருந்தாத்தானே கத்தும்" என்றான் வீரராகவன்.

லோகநாயகிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவன்மேல், சர்வேயர்மேல், ஒன்றும் கண்டுபிடிக்காத சுலைமான்மேலும்தான். "பாய், அது உசுரோட கீதா செத்துப்போச்சா? ஊங்குற சத்தங்கூடக் காணோம்."

சுலைமான் நின்றுவிட்டார். "ஆமாக்கா. ஒழுங்காப் பழக்கியிருந்தா எங்க போனாலும் அந்த ஊங்காரம் இருக்கணும். திருப்பின எடத்துலதான் இருந்திச்சு. அத்த உட்டு நவுந்ததும் அடங்கிப்போச்சு."

"அந்த எடத்துல இரும்பு இருந்தா?"

"இருந்தா, இரும்பத்தான் மண்ணுன்னு சொல்லிக் குடுத்திருப்பேன்."

லோகநாயகி வீரராகவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இம்மாம் பெரிய எடத்துல அந்த ஒரு எடத்தக் காட்டிக் குடுத்தியே, மவராசா" என்றாள். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது சுலைமானுக்கு. "கல்லப் புடுங்கின கையிக்குத்தானே அந்த எடம் தெரியும்."

சுலைமான் பத்தடி தள்ளிப்போய் மறுபடி திருகைத் திருப்பினார். இந்த முறை நடக்க நடக்க ரீங்காரம் கூடவே வந்தது. செருப்புத் தேய்த்த இடத்துக்கு மேலே தட்டு போனதும் மெஷின் வீறிட்டது. லோகநாயகி கடப்பாரையை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. கருமண்ணைத் தாண்டி இரண்டடியில் கரி வந்தது. கரிக்குக் கீழே, துருப்பிடித்து, ஒரு முழ நீளத்துக்குக் கொழு.

சர்வேயர் குனிந்து பார்த்தார். சங்கிலி பிடித்து அளந்தார். கிணறு பன்னிரண்டடி அவள் பக்கம் இருந்தது. "எழுதித் தரேம்மா. நோட்டீஸ் குடுத்து, பதினைஞ்சு நாள் டயம் குடுத்து, அப்புறம்தான் சுவரை எடுக்கச் சொல்ல முடியும்."

"பதினைஞ்சு நாளா?" என்றாள். "எங் கத்திரிக்கு நோட்டீஸ் படிக்கத் தெரியாது சார்."

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிச் சுவரைப் பார்த்து நடந்தாள். "சார், நீங்க பாத்துக்கினு நிக்கிறீங்களே" என்று வீரராகவன் பதறினான்.

சர்வேயர் சங்கிலியைச் சுருட்டினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "பாய், இங்க டீக்கடை எந்தப் பக்கம்?" என்றார்.

முதல் செங்கல் விழுகிற சத்தம் கேட்டபோது அவர்கள் இரண்டு பேரும் ரோட்டுக்குப் போயிருந்தார்கள்.