அறுபத்து மூன்றாம் எண் முக்காலி

பதினைந்து நாள் சம்பளமில்லாத விடுப்பு முடிந்து வந்த பிரம்பக்கா, ஊறிய பிரம்புப் பட்டையை வாளியிலிருந்து எடுத்து உதறினாள். பின்னல் அறுந்த சாய்வு நாற்காலி ஒன்றை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமலே உட்காரப் போனாள். நல்லவேளை, இடது கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. பின்னால் முக்காலி இல்லை.

மேசைக்கு அடியில் பார்த்தாள். வார்னிஷ் டின்கள் அடுக்கியிருந்த மூலையில் பார்த்தாள். ஏலக் கம்பெனியின் அந்தப் பின்கட்டுப் பட்டறையில் அன்றைக்கு நாற்பத்தொரு நாற்காலிகளும், ஆறு சோபாக்களும், யாரோ ஒரு ஜமீன்தார் படுத்து எழுந்த மஞ்சம் ஒன்றும் இருந்தன. உட்காரத்தான் ஒன்றும் இல்லை. எண்சீட்டு ஒட்டிய பொருளில் ஊழியர் உட்கார்ந்தால் வேலை போய்விடும். சீட்டு ஒட்டாத பொருளைப் பட்டறையில் விட்டுவைப்பதே இல்லை. அவளுடைய முக்காலி மட்டும் யார் கண்ணிலும் படாமல் நான்கு வருடங்கள் தப்பித்திருந்தது.

அதற்கு முன் ஏழு வருடங்கள் தரையில் குந்தியே மற்றவர்களின் நாற்காலிகளைப் பின்னினாள். முட்டி மடங்க மறுத்தபோது, சலவை இயந்திரம் வந்த மரப்பெட்டியைப் பிரித்து மூன்று கால் வைத்து, மிச்சம் மீதி பிரம்புத் துண்டுகளால் மேலே பின்னிக்கொண்டாள். அவள் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்தது. இந்தப் பதினைந்து நாளில் டாக்டர் சொன்னதும் அதுதான். "குந்தாதீங்க, மண்டி போடாதீங்க. இன்னும் ஆறு மாசம் இப்படியே போனா அறுத்துத்தான் ஆகணும். வேலை செய்யறப்ப உட்கார ஏதாவது இருக்கா?" இருக்கிறது என்று அவள் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"அண்ணி, வந்துட்டீங்களா? முட்டி தேவலையா?" என்று உள்ளே வந்தான் மின்னல். அவள் புருஷனின் தம்பி. ஒரு அலமாரியை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்த அரைநாள் எடுத்துக்கொள்வான் என்பதால் வந்த பெயர். பொருள்களுக்கு எண்சீட்டு ஒட்டுவது அவன் வேலை. அவள்தான் கையைக் காலைப் பிடித்துச் சேர்த்துவிட்டாள்.

"முட்டி கிடக்கட்டும். என் முக்காலி எங்கடா?"

மின்னல் கூரையைப் பார்த்தான். பிறகு தன் செருப்பைப் பார்த்தான்.

"அண்ணி, கோவப்படாம கேளுங்க. அறுபத்து மூணாம் நம்பர்னு ஒரு முக்காலி வந்துச்சுல்ல? அந்தப் பழைய பங்களாவுலேருந்து?"

"ஆமா. ஒரு கால் செல்லரிச்சு மாவாப் போயிருந்துச்சு. பிரிச்சுக் கோணிப்பையில போட்டு வெச்சுட்டுத்தானே போனேன்."

"அது எனக்குத் தெரியாதே! போட்டோ எடுக்க வந்துட்டாங்க, சீக்கிரம் சீக்கிரம்னாங்க. லிஸ்ட்டுல 'முக்காலி, பிரம்பு இருக்கை, ஒன்று'ன்னு இருந்துச்சு. இங்க ஒண்ணு நின்னுச்சு. ஒட்டிட்டேன்."

பிரம்பக்கா முன்பக்க ஏலக் கூடத்துக்கு நடந்தாள்.

அன்று பொருள்களைப் பார்வைக்கு வைத்திருந்த நாள். வைர அட்டிகைகளைத் தாண்டி, அழாத பெண்களும் சிரிக்காத பிரபுக்களும் தொங்கிய ஓவியச் சுவரைத் தாண்டி, நடு மேடையில், கறுப்பு வெல்வெட்டின் மேல், தனி விளக்கின் கீழ் அவளுடைய முக்காலி நின்றது. அவ்வளவு சுத்தமாக அதை அவள் பார்த்ததே இல்லை. பக்கத்தில் விலைப்பட்டியல் புத்தகம் விரித்து வைத்திருந்தது.

"துறவி ஒருவரின் தியான இருக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி. சீரற்ற பின்னல், பூரணத்தை மறுக்கும் பணிவின் வெளிப்பாடு. நடுவிலுள்ள ஆழ்ந்த குழிவு, பல்லாண்டு கால அசைவற்ற தவத்துக்குச் சாட்சி. அடிப்பகுதியில் கைவினைஞரின் முத்திரை: மேல்நோக்கிய அம்பு."

அந்த அம்பு, சலவை இயந்திரத்தைத் தலைகீழாக வைத்துவிடாதீர்கள் என்பதற்காகப் பெட்டியில் அச்சடித்தது. குழிவைப் பற்றி அவளுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

இதை எழுதியவர் கம்பெனியின் கலை நிபுணர். எந்த மரத்தையும் மோந்து பார்த்து ஒரு நூற்றாண்டைச் சொல்லிவிடுவார். அதனால் பட்டறையில் அவருக்கு நூற்றாண்டு என்றே பெயர். அப்போதும் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு முக்காலியைச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்த முக்காலி..." என்றாள் பிரம்பக்கா.

"நீயே வந்துட்டியா, நல்லதாப் போச்சு. பிரம்பு வேலை செய்யறவதானே நீ? சொல்லு, இந்தப் பின்னல் இப்ப யாருக்காவது வருமா?"

"எனக்கு வருங்க."

வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். நூற்றாண்டும் பெரிய மனது பண்ணிச் சிரித்தார்.

"கை வரும்மா. மனசு வருமா? இதை உட்கார்றதுக்காகச் செய்யலை. உட்காரணுங்கற ஆசையை விடறதுக்காகச் செஞ்சிருக்கான்."

"இல்லைங்க ஐயா, அந்த அம்பு..."

"அதைக் கண்டுபிடிச்சதே நான்தான்! மத்தவனா இருந்தா கவனிச்சிருக்கவே மாட்டான்."

அது உண்மைதான். அவர் தோளுக்குப் பின்னால், தூண் மறைவில் நின்று மின்னல் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் வாயை மூடிக்கொண்டு திரும்பினாள்.

"போன மாசமே ரெண்டு தடவை சீட்டை மாத்தி ஒட்டிட்டேன் அண்ணி," என்றான் பட்டறை வாசலில். "மூணாவதுன்னா பேசாம கிளம்பிடுன்னு முதலாளியம்மா சொல்லிட்டாங்க. என் பொண்டாட்டிக்கு இது ஏழாம் மாசம். உங்களுக்கே தெரியும்."

"அப்ப நான் எதுலடா உட்கார்றது? உன் தலையிலயா?"

"தலைன்னாலும் குடுத்துடுவேன்."

"அது உள்ள ஒண்ணும் இல்லாம லேசா இருக்கும். தாங்காது."

"வேற பெட்டி கிடைச்சா நானே ஒண்ணு செஞ்சு தரேன் அண்ணி."

"இப்பல்லாம் மரப்பெட்டி எங்கடா வருது? எல்லாம் அட்டை. அட்டையில செஞ்சு குடு, இருபத்தோராம் நூற்றாண்டுன்னு எழுதிக்குவார்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. செல்லரித்த காலும் உடைந்த சட்டமுமாகக் கோணிப்பையில் கிடந்த நிஜமான அறுபத்து மூன்றை அன்று சாயங்காலமே நூற்றாண்டு பார்த்துவிட்டார். சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், "இந்த விறகையெல்லாம் பட்டறையில் சேர்த்து வைக்காதீங்க" என்று குப்பை வண்டியில் ஏற்றச் சொன்னார். மின்னல் தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக ஒரு வேலையை ஓடிப்போய்ச் செய்தான்.

மறுநாள் ஏலம். பிரம்பக்கா கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு நின்றாள். ஊழியர்கள் நிற்க வேண்டும். வலது காலின் பாரத்தை இடது காலுக்கு மாற்றினாள். இடது கால் அதைத் திருப்பிக் கொடுத்தது. அட்டிகைகள் போயின, ஓவியங்கள் போயின. அறுபத்து மூன்று வந்ததும் முன்வரிசையில் முத்துமாலை போட்ட ஒரு அம்மாள் அட்டையை உயர்த்தினார். தொலைபேசியில் யாரோ விலையை உயர்த்தினார்கள். அம்மாள் மறுபடியும் உயர்த்தினார். பிரம்பக்காவுக்கு மாதக் கணக்கில்தான் எண்ணத் தெரியும். அவளுடைய ஆறு மாதச் சம்பளம். பத்து மாதம். பதினெட்டாவது மாதத்தில் தொலைபேசி ஓய்ந்தது, சுத்தியல் விழுந்தது. கூடமே கைதட்டியது. மின்னலும் தட்டினான், கொஞ்சம் அதிகமாகவே.

இடைவேளையில் முதலாளியம்மா நல்ல குஷியில் இருந்ததைப் பார்த்துப் பிரம்பக்கா பக்கத்தில் போனாள்.

"அம்மா, பட்டறையில உட்கார ஒரு ஸ்டூல் வாங்கிக் குடுத்தீங்கன்னா... பிளாஸ்டிக்கா இருந்தாலும் போதும். டாக்டர் குந்தக் கூடாதுங்கறார்."

"உடம்பைப் பார்த்துக்கோம்மா. ஆனா ஒருத்தருக்கு வாங்கினா எல்லாரும் கேப்பாங்க இல்ல? அடுத்த வருஷம் பார்ப்போம்." பேசிக்கொண்டே யாரையோ பார்த்துக் கையசைத்தார். "ஆமா, பேக்கிங்குக்கு உன்னைத்தான் தேடினாங்க. முன்னால போ."

முன் அறையில் முத்துமாலை அம்மாளும் நூற்றாண்டும் முக்காலியைச் சுற்றி நின்றார்கள். அம்மாள் கையில் சிவப்புப் பட்டு நாடா இருந்தது.

"இருக்கை மேல குறுக்கால இதைக் கட்டணும்," என்றார். "வீட்டுக்கு எத்தனையோ பேர் வர்றாங்க. தெரியாம உட்கார்ந்துட்டா? வேலைக்காரங்களுக்கு இதெல்லாம் எங்க புரியுது."

"இவளுக்கு நல்லாக் கட்ட வரும்," என்றார் நூற்றாண்டு. "பின்னல் அழுந்தாம, அடியில முடிச்சு வரணும். தூக்காதே. கால் தாங்காது."

மூன்று காலும் அவள் இரண்டு அங்குலத் திருகாணி போட்டு இறுக்கியவை. யானை உட்கார்ந்தாலும் தாங்கும். கதவருகே மின்னல் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மேசையைப் பிடித்து இடது முட்டியை இறக்கினாள். பிறகு வலது. கல்தரையில் முட்டி படும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். பக்கவாட்டில் சாய்ந்து, தலையை அடியில் நுழைத்து, நாடாவை இருபுறமும் சமமாக இழுத்தாள். முதல் முடிச்சு விழுந்தது. அம்மாளுக்குப் பூ மாதிரி வேண்டுமாம். அவிழ்த்து மறுபடி போட்டாள். அதுவும் ஒரு பக்கம் பெரிதாகிவிட்டதாம்.

மூன்றாவது முறை கட்டி முடித்து எழப் போனாள். நான்கு வருடங்கள் எப்படி எழுந்தாளோ அப்படியே வலது கை தானாகப் போய் முக்காலியின் ஓரத்தில் ஊன்றியது.

"தொடாதே!" என்று அம்மாளும் நூற்றாண்டும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கை சூடு பட்டதுபோல் திரும்பி வந்தது. மேசை எட்டவில்லை. இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி, மடங்கிய முட்டி விடட்டும் என்று நான்கு காலில் காத்திருந்தாள். மின்னலும் இன்னொருவனும் குனிந்து, முக்காலியை அலுங்காமல் தூக்கி, அவள்மேல் கால் படாமல் சுற்றிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்கள்.