குசினிக்குப் பின்னால் வெட்டிய குழி

வீதியோரத்து அல்பேர்ட்டின் ஹோட்டல் சாப்பாட்டுக்கடையாய்ப் பிறந்து, போரில் ஆஸ்பத்திரியாகி, பிறகு ஆமி முகாமாகி, இப்போது விடுதியாக வளர்ந்துகொண்டிருந்தது. சமைக்கிற குசினிக்குப் பின்னால் கக்கூசுக்குக் குழி வெட்டும்போது மண்வெட்டி 'டங்' என்றது. அல்பேர்ட்டின் உயிர் முல்லைத்தீவுக் கடலில் ஒரு முழுக்குப் போட்டுத் திரும்பியது.

"புனிதம், மிதிவெடி!"

"இல்லையப்பா," என்றாள் மனைவி. "இடம்பெயரேக்கை நீங்கள் மண்ணுக்குள்ளை தாட்ட இட்டலிப் பானையாயிருக்கும்."

"அதை வேம்படியிலையெல்லோ தாட்டனான்!"

"அந்த வேம்பு எங்கை நிண்டது?"

வேம்பை ஆமி எப்போதோ தறித்துவிட்டிருந்தது, அடிக்கட்டைகூட இல்லை. மண்வெட்டியைத் தூக்கவும் பயந்து, அல்பேர்ட் குனிந்தபடியே சிலையானார். அவருடைய வியர்வையில் குழி குளமாகிவிடும்போல் இருந்தது.

"பயப்பிடாதையுங்கோ, வெடி எடுக்கிற ஆக்களுக்குப் போன் எடுத்திட்டன்!" என்று புனிதம் தைரியம் சொன்னாள், வீதிக்கு அந்தப் பக்கம் நின்று.