முப்பது வேலை நாள்

1

இந்தக் கதை பிறந்த இடத்தைச் சொன்னால் என்மேல் உங்களுக்கு மரியாதை குறைந்துவிடும். பரவாயில்லை. ஒரு கல்லூரி அலுவலகத்தில், வேலை நேரத்தில், தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு பெண்குரல் ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது பிறந்தது. அன்றைக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். அவ்வளவு நேரம் சும்மா உட்காரவைத்தால் யார் வேண்டுமானாலும் கதாசிரியர் ஆகிவிடலாம்.

நான் பார்க்கும் வேலை இதுதான். டெக்சஸில், ராணுவ முகாமை நம்பிப் பிழைக்கும் ஓர் ஊரின் கல்லூரியில், ராணுவத்தை விட்டு வந்து படிக்கிறவர்களுக்கு அரசாங்கம் தரும் படிப்புப் பணத்துக்கான தாள்களை நிரப்பி அனுப்புகிறேன். "இவர் நிஜமாகவே வகுப்பில் இருக்கிறார்" என்று நான் சான்று சொன்னால், கட்டணம் கல்லூரிக்கு வரும்; மாதா மாதம் வீட்டு வாடகைக்கான தொகை அவர் வங்கிக்கு வரும். வர வேண்டும். (வந்திருந்தால் கதை எதற்கு?)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "பாலைவனத்தில் குண்டுமழைக்கு அஞ்சாத லமார் டாலிவர், கதவில் ஒட்டியிருந்த வாடகை நோட்டீசைக் கண்டு முதல்முறையாக—"

அடித்துவிட்டேன். லமார் குண்டுமழையைப் பார்த்ததே இல்லை. எட்டு வருடம் ராணுவ லாரிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து டீசல் இன்ஜின் பார்த்தவன். முன்னாள் சிப்பாய் என்றால் உடனே ஒரு போரைக் கொண்டுவந்து அவன் தலையில் கட்டுவது எழுதுகிறவர்களின் வியாதி.

இரண்டாவது தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது." பெய்யவில்லை.

மூன்றாவது: "மேடம், நான் ஒரு தப்பும் பண்ணல." இது நிஜமாகவே நடந்தது. மார்ச் மூன்றாம் தேதி என் மேசை முன்னால் நின்றுகொண்டு லமார் சொன்ன முதல் வாக்கியம்.* உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். பக்கத்தில் அவன் மனைவி மரிசோல், சொல்லாமலே உட்கார்ந்திருந்தாள். இதையே வைத்துக்கொள்கிறேன்.

* லமாருக்குத் தமிழ் தெரியாது என்று உங்களுக்கே தெரியும். அவன் பேசியதை நான் இப்படித்தான் கேட்டேன். அவன் இடையிடையே சேர்த்துக்கொள்ளும் கெட்ட வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டேன். என் அம்மா இதைப் படிப்பாள்.

3

ஜனவரியிலிருந்து பணம் வரவில்லையாம்.

"அப்பவே வந்து சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"ராணுவத்துல சம்பளம் ரெண்டு மாசம் லேட்டாறதெல்லாம் ஒரு விஷயமே இல்ல மேடம். கத்துனா இன்னும் லேட்டாக்குவாங்க."

"மாசக் கடைசில போனுக்கு ஒரு மெசேஜ் வரும். இன்னும் படிக்கிறீங்களான்னு கேக்கும். ஆமான்னு பதில் போடணும். ரெண்டு மாசம் போடலன்னா பணத்தை நிறுத்திடுவாங்க. போட்டீங்களா?"

லமார் கூரையைப் பார்த்தான். மரிசோல் அவனைப் பார்த்தாள்.

"ஏதோ ஒரு நம்பரைத் திட்டிட்டு இருந்தியே, அதுவா?"

"அது மோசடி நம்பர், மரி."

"யாரு சொன்னது?"

"பாத்தாலே தெரியுதே. யாரோ முகம் தெரியாதவன், நீ இன்னும் அங்கதான் இருக்கியா, அதே வேலையத்தான் பண்றியான்னு கேக்குறான். எட்டு வருஷம், வருஷா வருஷம் உக்காரவெச்சுப் பாடம் எடுத்தாங்க. எவனாவது அப்படிக் கேட்டா வாயத் தொறக்காத, நம்பரைத் தடு, மேலிடத்துக்குச் சொல்லுன்னு."

"தடுத்துட்டீங்களா?" என்றேன்.

"தடுத்தேன். சொல்லவும் சொன்னேன்."

"யாருகிட்ட?"

"மோசடியைச் சொல்றதுக்கு ஒரு இணையதளம் இருக்கு மேடம். அரசாங்கத்தோடதுதான்."

மரிசோல் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அரசாங்கத்தையே அரசாங்கத்துகிட்ட போட்டுக்குடுத்திருக்கியே, உனக்கு ஒரு பதக்கம் குடுக்கணும்யா."

நானும் சிரித்தேன். ஆனால் அந்த மெசேஜைப் பற்றி விளக்கும் தாள் ஒன்று உண்டு. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதை முதல் நாளே கொடுப்பது என் வேலை. லமார் சேர்ந்த அன்று அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்திருந்தது. நாளைக்குத் தருகிறேன் என்றேன். (இந்த நாலு வாக்கியங்களையும் மூன்று முறை அடித்தேன். உங்களுக்கு என்னைப் பிடித்துப்போக வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.)

பிறகுதான் அந்த ஒரு மணி ஐம்பது நிமிடம். கடைசியில் பணம் தரும் முன்னாள் ராணுவத்தினர் துறையிலிருந்து ஒரு மனிதர் பேசினார். நல்ல மனிதர்.

"சரிபண்ணியாச்சுங்க. முப்பது வேலை நாளுக்குள்ள வந்துரும்."

"வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் அவ்வளவு நாள் பொறுக்க மாட்டாருங்க."

"அவருக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்களே."

4

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. இவ்வளவு சொன்னபடி கேட்கிறவனைக் கதையில் வைத்தால், உண்மையாக இல்லை என்பீர்கள். கொஞ்சம் கோபம், ஒரு பாட்டில், உடைந்த ஒரு தட்டு என்று சேர்த்துப் பார்த்தேன். லமார் தட்டை உடைத்தால் அவனே உட்கார்ந்து ஒட்டுவான். விட்டுவிட்டேன்.

மார்ச் பத்தாம் தேதி, படிப்பிலிருந்து விலகும் படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, நாலு மூலையும் ஒன்றாக மடித்துக் கொண்டுவந்தான். மூச்சுத் திணறல்காரர்களுக்கு இயந்திரம் வைத்துப் பார்த்துக்கொள்ளும் படிப்பு அவனுடையது. மே மாதம் முடிகிறது. காலையில் மருத்துவமனைப் பயிற்சி, மதியம் வகுப்பு.

"இன்னும் ஒம்பது வாரம்தானே லமார்? இப்ப விட்டா இந்த அரையாண்டுக் கட்டணத்தையும் துறை உங்ககிட்ட திருப்பிக் கேக்கும், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். மரி ரொட்டிக் கடைல ரெண்டு ஷிப்டு பாக்குறா. நான் கிழவங்க மூச்சை எண்ணிட்டு உக்காந்திருக்கேன். டயர் கடைல வாரம் அறநூறு டாலர் தர்றேங்குறாங்க. கடைக்காரரும் நம்ம ராணுவத்து ஆளுதான். பேப்பரை முடிச்சுட்டு வா, எடம் வெச்சிருக்கேன்னாரு."

என் கைப்பணத்தைக் கொடுத்துப் பார்த்தேன். "சான்று சொல்றவங்ககிட்ட பணம் வாங்கக் கூடாது மேடம்" என்று எனக்கே சட்டம் சொன்னான். கதவுவரை போனவன் திரும்பினான்.

"நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

"இதுல முத்திரை விழற வரைக்கும் நீங்க மாணவர்தான்."

"அப்ப போகணும். உத்தரவு கைக்கு வர்ற வரைக்கும் எடத்தை விட்டு நகரக் கூடாது."

போய்விட்டான். எனக்குள் ஏதோ பளிச்சென்றது. முத்திரை குத்த வேண்டியவள் நான். குத்துவதற்கு எனக்குச் சட்டம் தரும் கெடு முப்பது நாள். இழுத்தடிப்பதில் இந்த ஊர் அலுவலகங்களுக்கு நான் ஒன்றும் சளைத்தவள் இல்லை. பணம் வரும்வரை கிடக்கட்டும் என்று படிவத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

5

ரொம்பப் பெருமையாக இருந்தது, ஒளிப்பானேன். ஒரு நாள் பயிற்சி ஆசிரியை நடைபாதையில் நிறுத்தி, "அந்த டாலிவர் இருக்கானே, தொண்டைல வெச்ச குழாயை எடுக்கும்போது நோயாளிகிட்ட பேசிக்கிட்டே எடுக்கிறான், எங்களுக்கே அது வராது" என்றபோது, ஏதோ நான் பெற்ற பிள்ளையைச் சொன்ன மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது.

ஒரே ஒரு கணக்குதான் உதைத்தது. துறையின் முப்பது, வேலை நாள். என்னுடைய முப்பது, சனி ஞாயிறு சேர்த்து. அவர்களுடையது ஏப்ரல் பதினான்கு வரை போகும். என்னுடையது ஏப்ரல் ஒன்பதோடு தீர்ந்துவிடும். நடுவில் ஐந்து நாள் ஓட்டை. அதை அடைக்கத் தெரியாமல்தான் முடிவுகளாக எழுதிப் பார்த்தேன்.

(அ) ஏப்ரல் எட்டாம் தேதி பணம் மொத்தமாக வந்துவிடுகிறது. எல்லோரும் சேர்ந்து இறைச்சி சுடுகிறார்கள். துறையில் பேசிய நல்ல மனிதரும் வருகிறார். [இதை எழுதும்போதே கை கூசியது.]

(ஆ) முத்திரை விழுகிறது. பத்து வருடம் கழித்து, டயர் கடையில், மூச்சுத் திணறும் ஒரு வாடிக்கையாளர்— [சீ.]

(இ) நான் துறையின் வாசலில் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கிறேன். விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாகவும், முப்பது வேலை நாளுக்குள் பதில் வரும் என்றும் சொல்கிறார்கள்.

6

(இ)யை எழுதி நானே சிரித்துக்கொண்டிருந்தபோது மரிசோல் உள்ளே வந்தாள். இன்றைக்கு. ஏப்ரல் ஒன்பது, வியாழக்கிழமை, மூன்றரை மணி. ரொட்டிக் கடைச் சீருடையில் மாவு அப்படியே இருந்தது.

"எங்காளு குடுத்த படிவம் எங்க இருக்கு?"

"பரிசீலனைல இருக்கு."

"எந்த எடத்துல?"

என் கண் இழுப்பறைப் பக்கம் போய்த் தொலைத்தது. அவள் அந்த இழுப்பறையை இழுத்தாள். எழுதுவதற்காகத் திறந்து வைத்திருந்தேன். படிவம் மேலேயே கிடந்தது, அடியில் இந்தக் கதையின் முந்தைய தாள்கள்.

"இது என்ன எழுத்து?"

"தமிழ்."

"எங்களைப் பத்தியா?"

"ஆமா. கதை மாதிரி."

"இதுல நான் என்ன பண்றேன்?"

"சிரிக்கிறீங்க," என்றேன்.

"ஒரு மாசமா நான் சிரிச்சுட்டா இருக்கேன்?" குரலை உயர்த்தவில்லை. "காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு அந்த ஆஸ்பத்திரி நீலச் சட்டையத் தேச்சு மாட்டிட்டுப் போறாரு. விட்டுட்டு வேலைக்கு வாய்யாங்குறேன், உத்தரவு வரலங்குறாரு. காலேஜும் ராணுவம் மாதிரிதான் போலன்னு நினைச்சேன். உத்தரவு நீங்களா?"

"அவரு படிச்சு முடிக்கணும்னுதான்…"

"நான் மட்டும் வேணாம்னா சொன்னேன்? அதுக்குத்தானே ரெண்டு ஷிப்டு. ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். நாலு வாரம் டயர் கடைக் கூலி ரெண்டாயிரத்து நானூறு டாலர். உங்க கதைக்கு நாங்க கட்டுன பணம் அது."

டயர் கடைக்காரர் நாளைவரைதான் இடம் வைத்திருப்பாராம். வாடகை பாக்கிக்காக வீட்டு உரிமையாளர் திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போகிறாராம். துறையின் கெடு செவ்வாய்க்கிழமை, அதுவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினால்.

"இப்பவே முத்திரை குத்திடட்டுமா?" என்றேன்.

"என்னைக் கேக்காதீங்க. குத்துன்னு சொன்னா அவரு படிப்பைக் கெடுத்தவ நான். வேணாம்னு சொன்னா எங்க ரெண்டு பொண்ணுங்களைத் தெருவுல நிறுத்துனவளும் நான். ஒரு மாசம் நீங்களா முடிவு பண்ணீங்கல்ல, இதையும் பண்ணுங்க. கதை எழுதுறேன்னு அதுக்குப் பின்னாடி ஒளியாதீங்க." படிவத்தை என் முன்னால் வைத்து ஓரத்தை நீவிவிட்டாள். "அஞ்சு மணிக்குத்தானே மூடுவீங்க? வெளிய உக்காந்திருக்கேன்."

7

இப்போது நாலு இருபது. லமார் வகுப்பில் இருக்கிறான். அவனுக்கு எதுவும் தெரியாது. துறையைத் தொலைபேசியில் கூப்பிட்டேன், பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். நான் சொன்ன அதே வார்த்தை. கெடு தாண்டி வைத்திருந்தால் என் வேலை போகலாம், அதைப் பற்றி எனக்குப் பயம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இதுவரை நான் கொஞ்சம் விளையாட்டாகச் சொல்லிவந்தேன், நீங்களும் கூடவே வந்தீர்கள். அரசாங்கத்தை அரசாங்கத்திடம் போட்டுக்கொடுத்த இடத்தில் சிரித்தீர்கள் என்றும் நம்புகிறேன். அதனால் உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. படிவம் மேசையில் இருக்கிறது, முத்திரை அதன் பக்கத்தில். குத்துவதா வேண்டாமா என்று இந்நேரம் மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள்.

அதை என்னிடம் சொல்ல வேண்டாம். கதவைத் திறந்தால் எதிரே மூன்று நாற்காலிகள். நடு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள்தான் மரிசோல். போய் அவளிடம் சொல்லுங்கள்.