சூட்டுக்கும் குளிருக்கும் ஒரு தலைவர்

செல்வின் பாசர்மன் காபி எடுக்க எழுந்து போயிருந்த நேரத்தில் அவரை ஆலயத்துக்குத் தலைவராக்கிவிட்டார்கள்.

கிளீவ்லாந்தின் அந்த யூத ஆலயத்தில் தலைவர் பதவி என்று பேச்செடுத்தால் போதும், கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஷூ கயிறு அவிழ்ந்துவிடும். குனிந்த தலை லேசில் நிமிராது. செல்வின் கோப்பையோடு திரும்பி வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். காபிக்கு எதற்குக் கைதட்டல் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தார். விஷயம் தெரிந்ததும் காபி ஆறிப்போனது.

பதவி ஏற்கிறவர் அந்தக் குளிர்காலத்தில் தலைமைப் பயிற்சி வகுப்பு ஒன்றைப் படித்து முடிக்க வேண்டும் என்பது ஆலயத்து விதி. பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தது அவர் ஒருவர்தான். ஆலயத்து மதகுருவான ரபி பெனினா சின்ன வயசுக்காரி, ஆனால் பிடித்தால் விடாதவள். அவரைத் தூக்கிச் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்து வகுப்பில் போட்டாள். அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானது. வேதம் எல்லாருக்கும் ஒன்றுதான், நாற்காலி மட்டும் கொஞ்சம் சின்னது என்று சமாதானமும் சொன்னாள். ஐம்பத்தெட்டு வயசில், கார்ப்பெட் கடை முதலாளி, முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்தார்.

வகுப்பில் யாரும் பாடம் நடத்துவதில்லை. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு பகுதியைப் படித்துவிட்டுச் சண்டை போட வேண்டும். சீக்கிரம் ஒத்துப்போய்விட்டால் ரபி வந்து, ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்று கேட்பாள். செல்வினுக்கு ஜோடியாக வாய்த்தவள் நாவா கின்ஸ்லர். பதினாறு வயசு, பல்லில் கம்பி, பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்றால் மற்றவர்கள் பெயர் கொடுக்கவே யோசிப்பார்களாம்.

முதல் நாள் வந்த பகுதி, மோசே பாலைவனத்தில் ஊர்ச் சண்டையையெல்லாம் ஒற்றை ஆளாகத் தீர்த்துவைப்பது. காலையிலிருந்து இருட்டும்வரை ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த மாமனார், இப்படியே போனால் நீயும் விழுவாய், இவர்களும் விழுவார்கள், தகுந்த ஆட்களைப் பிடித்து வேலையைப் பிரித்துக் கொடு என்கிறார்.

மாமனார் என்ற இடத்திலேயே செல்வினின் முகம் சுண்டிவிட்டது. அவருக்கும் ஒரு மாமனார் உண்டு. மில்டன், எண்பத்துநாலு வயசு. கடையை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்தவர், ஆனால் வருவதை நிறுத்தாதவர். வாசலருகே சுருட்டிவைத்த கார்ப்பெட்மேல் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் வேறு கடையில் விசாரித்தீர்களா என்று அக்கறையாகக் கேட்பார். சனிக்கிழமை ஆலயத்திலும் செல்வினுக்குப் பக்கத்து இருக்கைதான்.

"இந்த மாமனாருக்கு அங்க என்ன வேலை?" என்றார் செல்வின்.

"மகளைப் பேரப்பிள்ளைங்களோட கொண்டுவந்து விட வந்தாரு சார். வந்த இடத்துல நல்ல யோசனை சொல்றாரு."

"வந்த மறுநாளேவா? பொட்டியைக்கூடப் பிரிச்சிருக்க மாட்டாரு."

"மோசே கோவிச்சுக்கலையே. கேட்டுக்கிட்டாரே."

"அவரு பெரிய மனுஷன். தவிர, அவரு மாமனார் சொல்லிட்டு ஊருக்குத் திரும்பிப் போயிட்டாரு பாரு, இங்க எழுதியிருக்கு."

ரபி அந்தப் பக்கமாக வந்தவள், நன்றாகச் சண்டை போடுகிறீர்கள் என்று சந்தோஷப்பட்டுப் போனாள்.

ஜனவரியில் செல்வின் பதவி ஏற்றார். பழைய தலைவர் அவர் கையில் ஒரு சின்னச் சாவியை வைத்து அழுத்திவிட்டு, ஜெயிலிலிருந்து வெளியே வந்தவர் மாதிரி விறுவிறுவென்று காருக்கு நடந்தார். அது ஹீட்டர் சாவி. தொழுகைக்கூடத்தின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியை எப்போதோ நடந்த ஒரு தகராறுக்குப் பின் பூட்டிவைத்திருந்தார்கள். திறக்கும் உரிமை தலைவருக்கு மட்டும்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. ஆலயத்துக்கு வாராவாரம் வரும் பெர்னிஸ் ஆடல்ஸ்டீன் கடைக்கே வந்து, ரோமக்கோட்டைக் கழற்றாமல், நீலம் பாய்ந்த நகத்தைக் காட்டினாள். அவள் போன சூட்டோடு டாக்டர் டெப்பர் போன் செய்து, ஆலயத்துச் சூட்டில் தனக்கு மயக்கம் வருகிறது, டாக்டராகச் சொல்கிறேன் என்றார். சனிக்கிழமை எல்லாரும் எழுந்து நின்று வாய்க்குள் ஜெபிக்கும் நேரம், பேசவே கூடாத நேரம், செல்வினின் இரண்டு சட்டைக்கையையும் இரண்டு பேர் இழுத்தார்கள். ஒருவர் மேலே கை காட்டினார், மற்றவர் கீழே.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது நாவாவின் கண் பளபளத்தது.

"மோசே சண்டைக்குத் தீர்ப்பு சொன்னாரு. நீங்க ஹீட்டருக்குச் சொல்றீங்க சார். அவ்வளவுதான் வித்தியாசம்."

ஆளுக்கொரு ஊர்ப் பிரச்சினையை எடுத்துத் தீர்த்துக் காட்ட வேண்டும் என்று ரபி சொல்லியிருந்தாள். நாவா இதை எடுத்துக்கொண்டாள். வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கூடம் முழுக்கச் சூடு அளந்தாள். ஜன்னலோரம் ஐஸ் பெட்டி, தூணோரம் ரொட்டி அடுப்பு. குளிர்கிறவர்கள் தூணோரமும் வேர்க்கிறவர்கள் ஜன்னலோரமும் இடம் மாறிக்கொண்டால் சாவியே வேண்டாம் என்றாள்.

செல்வின் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இந்த ஊர்ல மனுஷங்க வீட்டை மாத்துவாங்க, டாக்டரை மாத்துவாங்க, புருஷனைக்கூட மாத்துவாங்க. சனிக்கிழமை உட்கார்ற இடத்தை மாத்த மாட்டாங்கம்மா."

அவர் சொன்னபடியே ஆயிற்று. அடுத்த சனிக்கிழமை அறிவிப்பு நேரத்தில் நாவா எழுந்து அழகாக, தெளிவாக விளக்கினாள். கூடம் அவளைச் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. இது என் வீட்டுக்காரர் உட்கார்ந்த வரிசை என்றாள் பெர்னிஸ். தன் இருக்கையில் அப்பா பெயர் பித்தளையில் பொறித்திருக்கிறது என்றார் டெப்பர். நாவாவின் காது சிவந்தது. தலைவர் என்ற முறையில் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று செல்வின் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அப்போது பக்கத்தில் மில்டன் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"நான் மாறிக்கிறேன்."

தொழுகைச் சால்வைப் பையை எடுத்துக்கொண்டு, கூடத்தைக் குறுக்கே கடந்து, தூணோரம் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். நாவாவுக்கு உயிர் வந்தது. குளிர்தானே தாத்தா காரணம் என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாள்.

"குளிரெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. மாப்பிள்ளை பக்கத்துல உட்கார்ந்து பாட்டை ராகம் தப்பித் தப்பி முனகுவாரு. நல்ல மனுஷன், எப்படிச் சொல்றது? கௌரவமா எழுந்து போக ஒரு காரணம் கிடைக்காதான்னு பல வருஷமாப் பாத்துட்டிருந்தேன்."

கூடம் முழுக்கச் செல்வினைத் திரும்பிப் பார்த்தது. பிறகு பெர்னிஸ் கோட்டை அள்ளிக்கொண்டு எழுந்தாள். பின்னால் இருப்பவள் நாற்காலியைக் காலால் தட்டிக்கொண்டே இருக்கிறாளாம். டெப்பருக்கு, பிரசங்கம் நடக்கும்போதெல்லாம் மிட்டாய்க் காகிதம் பிரிக்கும் மச்சானிடமிருந்து விடுதலை வேண்டுமாம். கடைசி ஸ்டேஷனில் ரயில் நின்றதுபோல ஆளாளுக்குப் பையைத் தூக்கினார்கள். நாவா அளந்துவைத்த கணக்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குளிர்கிறது என்று வருஷக்கணக்காகப் புலம்பிய ஒருவர், இருப்பதிலேயே குளிரான மூலையைத் தேடிப் போய் நிம்மதியாக உட்கார்ந்தார்.

 வீட்டுக்குப் போகிற வழியில் மனைவி ரோண்டாவிடம் செல்வின் கேட்டார்.

"நான் முனகுறேனா?"

"ஆமா."

"ஏன் சொல்லலை?"

"நடுவுல அப்பா உட்கார்ந்திருந்தாரே. எனக்குப் பாதிதான் கேட்டுது."

செவ்வாய்க்கிழமை நாவா வகுப்பில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். சூட்டுக் கணக்கில் தன் திட்டம் முழுத் தோல்வி, ஆனால் ஒரு புகார்கூட வரவில்லை. அது தோல்வியா வெற்றியா என்று அந்தச் சாயங்காலம் முழுக்க எல்லாரும் சண்டை போட்டார்கள். செல்வின் தோல்வி என்றார், நாவா விடவில்லை. முடிவில் அவர் சாவியை வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். வாரத்துக்கு ஒருத்தர் வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த சனிக்கிழமை பக்கத்து இருக்கை காலி. செல்வின் அதில் கோட்டை விரித்துப் போட்டுக் காலை நீட்டிக்கொண்டார். ஒரு பாட்டுக்கு வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். சுகமாகத்தான் இருந்தது. பாதி ஆராதனையில் பார்த்தால், எல்லாரும் ஜெபப் புத்தகத்தைப் புரட்டிப் போய்விட்டார்கள், அவர் மட்டும் ஏதோ ஒரு பக்கத்தில் நிற்கிறார். இத்தனை வருஷமும் முழங்கையால் இடித்துப் பக்கத்தைக் காட்டியது யார் என்பது அப்போதுதான் உறைத்தது.

தலையைத் தூக்கித் தூண் பக்கம் பார்த்தார். மில்டன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கைத்தடியை மடியில் கிடத்திவிட்டு, விரல்களை விரித்து மடக்கி, பொறுமையாகப் பக்க எண்ணை இலக்கம் இலக்கமாகக் காட்டினார். செல்வின் புரட்டினார். பக்கம் சரியாக இருந்தது. தலையை அசைத்து நன்றி சொன்னார். கிழவர் விரலை உதட்டில் வைத்து, பாட வேண்டாம் என்று சைகை செய்தார்.