நேரில் கண்டது மட்டும்

...இல்லை, காதில் தவறாகத்தான் விழுந்திருக்க வேண்டும், வராந்தாவில் இத்தனை தட்டுகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தத்தில் எதுதான் சரியாகக் கேட்கிறது, முட்டை மேடம் என்றா சொன்னாள் அந்தச் சின்னப் பெண், மொட்டை மேடம் என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, முன்நெற்றியில் முடி கொட்டியது உண்மைதானே, ஆனால் சொன்னது முட்டைதான், அதுவும் கேலியாக இல்லை, பக்கத்தில் இருந்தவளின் விலாவில் முழங்கையால் இடித்து, "ஏய், முட்டை மேடம் வந்துட்டாங்கடி" என்று, வாயெல்லாம் பல்லாக... மதிய உணவுக் கண்காணிப்பாளர் என்று கழுத்தில் அட்டை தொங்குகிறது, பதினோரு வருடமாக இந்த வட்டாரத்தின் ஒன்பது ஆரம்பப் பள்ளிகளில் ஏதாவது ஒன்றில் வாரத்துக்கு ஒரு நாள், எந்த நாள் எந்தப் பள்ளி என்று யாருக்கும் மூச்சு விடாமல் போய் இறங்குகிறாள், பிள்ளைகளுக்கு அவளைக் கண்டால் முகம் அப்படி மலர்கிறது, அதைப் பற்றி வீட்டில் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருப்பாள், என்னைப் பார்த்தா அந்தப் பிள்ளைங்களுக்கு அவ்வளவு பிரியம் என்று, கணவன் ஒருமுறை, "நமக்குத்தான் இல்லாமப் போச்சு..." என்று ஆரம்பித்து, அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டான். அன்றைக்குக்கூட உள்ளுக்குள் ஒரு சின்ன கர்வம் இருந்தது.

மடியில் படிவம் இருந்தது. குடிநீர், கை கழுவுதல், பருப்பு, காய், நாலாவது கேள்வி முட்டை வழங்கப்பட்டதா, அடியில் தடித்த எழுத்தில் 'நேரில் கண்டதை மட்டும் பதிவு செய்யவும்'. அந்த வரி அவளுக்கு உயிர். அவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த ஆள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே ஒன்பது பள்ளிக்கும் அறிக்கை எழுதியவன், அவள் அப்படியா, ஒரு பள்ளியிலும் ஒரு வாய் டீ குடித்ததில்லை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தட்டுத் தட்டாகப் பார்த்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அதையே சாப்பிட்டு எழுதுகிறாள், முட்டை இருந்தது, ஆம், இருந்தது, ஆம், பதினோரு வருடமும் ஆம்... எல்லாமே நேரில் கண்டதுதான், ஒன்றுகூடப் பொய் இல்லை, பிறகு எதற்கு முட்டை மேடம். எதிர்ச் சுவரில் நீலப் பெயிண்டில் எழுதியிருக்கிறது, வாரம் மூன்று முட்டை என்று, கோழிப் படம்கூடப் போட்டிருக்கிறார்கள். அவள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஏன் அப்படிக் கூப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போலப் பார்த்தாள் பெண். "நீங்க வந்தாதானே முட்டை." மற்ற நாளில்? "பருப்புத் தண்ணி." வெள்ளைக்கருவை முதலில் தின்றுவிட்டு மஞ்சள் கருவை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள், அவசரமே இல்லாமல், கடைசிவரை வைத்துத் தின்னப் போகிறவளின் நிதானம் அது. "சில நாள் முட்டை இருக்கும், ஆனா நீங்க வர மாட்டீங்க. அன்னைக்கு நீங்க வேற ஸ்கூலுக்குப் போயிட்டீங்கன்னு சமையலம்மா சொல்வாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய மனுஷியிடம் சலுகை கேட்கிற பாவனையில், "மேடம், நீங்க தினமும் வர முடியாதா?" என்றாள். ஆபீசில் நிறைய வேலை இருக்குடா என்று சொல்லிவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

ஆக, பிரியமெல்லாம் முட்டை மேல். அது போகட்டும், அசடு வழிய நின்றது அவளோடு போகட்டும், அவள் வருகிற நாள் இவர்களுக்கு எப்படித் தெரியும், ஆபீசில் யாரோ சொல்கிறார்கள், அந்தக் கிளார்க்காகத்தான் இருக்கும், இல்லை பஸ் கண்டக்டர்... சமையல்கட்டில் சமையலம்மா கரி பிடித்த அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மற்ற நாட்களின் முட்டை எங்கே போகிறது என்று கேட்டதும் தேய்ப்பது நின்றது, ஆனால் தலை வெளியே வரவில்லை, அண்டாவுக்குள்ளிருந்தே பேசினாள், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "வந்தாதானே மேடம் போறதுக்கு. வாரத்துக்கு ஒரு தடவை போடற அளவுக்குத்தான் வண்டில இறக்குறாங்க. மூணுக்கும் வாங்கிட்டதா கையெழுத்து. போடலைன்னா அடுத்த வாரம் அதுவும் வராது. வர்றத உங்க நாளுக்குன்னு எடுத்து வெச்சிருவோம்." அப்புறம் எழுந்து நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எழுதுங்க, தாராளமா எழுதுங்க. எழுதினா என் வேலை போகும், இன்னொருத்தி வருவா, அவளும் இதேதான் செய்வா. வண்டிய யாரும் கேக்க மாட்டாங்க." நான் வரும் நாள் எப்படித் தெரிகிறது என்று அவள் கேட்டாள், கேட்காமல் இருந்திருக்கலாம். சமையலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க மாமியார்தான் மேடம். நாளைக்கு டப்பா வேண்டாம்னு நீங்க சொன்னீங்கன்னா, மறுநாள் ஸ்கூல்ல சாப்பிடப் போறீங்கன்னு அர்த்தம். அவங்க உடனே மகளுக்குப் போன் பண்ணுவாங்க. உங்க நாத்தனாரும் எங்கள மாதிரி ஸ்கூல் சமையல்தானே, மத்த எட்டுப் பேருக்கும் சொல்லிரும். எந்த ஸ்கூலுன்னு தெரியாதுல்ல, அதனால எல்லாரும் வேக வெச்சிருவோம். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் ஒன்றையும் பார்க்கவில்லை. டப்பா... பதினோரு வருட ரகசியம் ஒரு சாப்பாட்டு டப்பாவில் வெட்ட வெளிச்சமாகியிருக்கிறது, மூச்சு விடாமல் இருந்ததாக எத்தனை இறுமாப்பு, தன் வீட்டு அடுப்பங்கரையிலேயே தம்பட்டம் அடித்துவிட்டு, நாத்தனார் இன்னொரு பள்ளியில் சமையல் வேலை பார்க்கிறாள் என்பதற்காகவே அங்கே மட்டும் இரண்டு மடங்கு குறை எழுதிய நேர்மை என்ன நேர்மை, பெரிய அரிச்சந்திரி... அத்தையைக் கோபித்துக்கொள்ளவா, எதற்கு, மகள் வேலை போய்விடக்கூடாது என்று ஒரு தாய் பயந்தது குற்றமா. நாலாவது கேள்விக்கு ஆம் என்றுதான் எழுதியிருக்கிறாள் இன்றைக்கும், வேறென்ன எழுத, கண்டது அதுதானே, 'பிற குறிப்புகள்' காலியாக இருக்கிறது, அங்கே வண்டியைப் பற்றி எழுதலாம், எழுதினால் அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நீங்க நேர்ல பார்த்தீங்களா?" என்பார், ஒருமுறை தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் அப்படித்தான் சொல்லி அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார், பிறகு விசாரணை என்று ஆள் வரும், அந்த ஆள் முதலில் அண்டா தேய்க்கிறவளிடம்தான் போவான். விசாரிக்க அவளே போயிருந்தாலும் அங்கேதான் போயிருப்பாள். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, பஸ் குலுங்குகிறது என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லி, மறுபடி மூடினாள்.

சாயங்காலம் அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், வழக்கமான கேள்விதான், தலை நிமிராமல், "நாளைக்கு டப்பா கட்டவாம்மா?" நாளைக்கு முழு நாளும் ஆபீஸ், கட்டத்தான் வேண்டும், கட்டுங்க அத்தை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், "வேண்டாம் அத்தை" என்று வந்துவிட்டது. வந்த பிறகுதான் தெரிந்தது அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று, ஒன்பது பள்ளி, ஒன்பது அண்டா, நாளைக்கும் அந்தப் பெண் மஞ்சள் கருவை உருட்டுவாள், ஒரு வார்த்தை போதும், தினமும் வர முடியாதா என்றாளே, வர வேண்டியதே இல்லையடி, பசியோடு ஆபீசில் உட்கார்ந்திருந்தால் போதும்... நெஞ்சில் பாரம் இறங்கிய மாதிரி, சிரிக்கக்கூடத் தோன்றியது, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஏதோ செய்துவிட்டோம் என்று. அத்தை கீரையை வைத்துவிட்டுப் போனோடு கொல்லைப்பக்கம் போனார்.

"ஆமாடி, கட்டல, நாளைக்கும்தான்" என்பது கேட்டது, அப்புறம் நாத்தனாரின் குரல், போனிலிருந்து அடுப்பங்கரைவரை, "ஐயையோ, இன்னைக்குத்தானே போட்டோம், எங்கிட்ட ஒண்ணுகூட இல்லையேம்மா, எல்லாரும் கைக்காசு போட்டுத்தான் வாங்கணும்!" வண்டிக்காரனுக்கு இந்தச் செய்தி போகாது, அதிகாரிக்குப் போகாது, அண்டா தேய்க்கிற ஒன்பது பேருக்கு மட்டும் போகும். கட்டுங்க அத்தை, மறந்து சொல்லிட்டேன்... அவ்வளவுதான், இரண்டு எட்டு வைத்தால் கொல்லைக் கதவு, இன்னும் நேரம் இருக்கிறது, அவர்கள் கடைக்குக் கிளம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் தட்டு? தன்னுடைய கை எப்போதாவது மேல்பக்கம் ஓங்கியிருக்கிறதா, இன்றைக்கு நல்லது செய்யக் கிளம்பியும் கீழ்ப்பக்கம்தான் போயிருக்கிறது, எட்டுகிற இடத்தில் இருப்பவர்களிடம்... அத்தை போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்து, ஒன்றும் நடக்காதது போல மீதிக் கீரையை எடுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு பிடி எடுத்து ஆயத் தொடங்கினாள், சொல்ல வேண்டும், இதோ இந்தப் பிடி முடிந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே.