நெறி கட்டிய கை

சட்டையின் இடது கை முழங்கையைத் தாண்டி ஏறவில்லை. பவுலின் கழற்றிவிட்டு மறுபடியும் நுழைத்துப் பார்த்தாள். போன கிறிஸ்துமஸுக்குத் தைத்த வெள்ளைச் சட்டை. வலது பக்கம் சுலபமாகப் போய்விட்டது. கணவர் ஆம்ப்ரோஸின் இடது கை மட்டும் தோள்வரை வீங்கி, பளபளத்து, வேறு யாருடையதோ போலக் கிடந்தது.

"பின்பக்கமா வெட்டிடலாம் அண்ணி, தெரியாது," என்றாள் அவர் தங்கை லீனா. "நாலு மணிக்கு ஃபாதர் வந்துடுவாரு."

பவுலின் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள்.

ஒன்பது நாளைக்கு முன் வைட்ஃபீல்ட் நெரிசலில் ஆம்ப்ரோஸின் டாக்ஸி சூடேறி நின்றது. அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தவரின் முன்கையில் கொதிநீர் பீறிட்டடித்தது. களிம்பு தடவி, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் வண்டி ஓட்டினார். மூன்றாம் நாள் புண்ணில் சீழ் வைத்தது. அடுத்த காலையில் அங்கிருந்து அக்குள்வரை, பேனாவால் இழுத்தாற்போல் ஒரு சிவப்புக் கோடு.

"நெறி கட்டினு இருக்கு, அவ்ளோதான். ஒத்தடம் குடு," என்றார். கொடுத்தாள்.

குளிர்நடுக்கம் கண்ட பிறகுதான் ஆஸ்பத்திரி. வெந்த புண்ணில் புகுந்த கிருமி நிணநீர்க் குழாய்கள் வழியே மேலே ஏறும், அக்குளில் இருக்கும் முடிச்சுகள் அதை மடக்கப் போராடுவதுதான் நெறி, குழாய்கள் அடைத்துக்கொண்டதால்தான் இந்த வீக்கம், இப்போது கிருமி ரத்தத்திலும் கலந்துவிட்டது என்று டாக்டரம்மா கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னாள். கொஞ்சம் முன்னாடியே கூட்டி வந்திருந்தால் என்று தொடங்கியவள், முடிக்காமல் விட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

கத்தரி தோள் தையல்வரை வந்து நின்றது.

"லீனா, அந்தச் செவப்புக் கோட்ட நான் மொதல்லயே பாத்தேன். ரெண்டு நாள் உப்பு ஒத்தடம் குடுத்துனு இருந்தேன்."

லீனா போர்வையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். வெளியே ஜோகுபாளையத்துச் சந்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கும் வீடியோ கால்ல காட்டுச்சு அண்ணன்," என்றாள் கடைசியில். "புண்ணுன்னா நெறி கட்டத்தான் செய்யும்னு சொல்லி சிரிச்சேன்."

இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளவில்லை. வெட்டிய துணியை லீனா முதுகுக்கடியில் செருகினாள். பவுலின் அந்தக் கையைத் தூக்கி மார்பின்மேல் வைத்து, சற்று நேரம் பிடித்திருந்தாள். விட்டபோது புறங்கையில் அவள் விரல்கள் நான்கும் குழிகளாகப் பதிந்திருந்தன. அந்தக் குழிகள் மேலெழும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.